அரியர் வைத்த சாம்பியன்: காலின் சாப்மன்

கொல்லிமலைக்கு பைக்கில் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் இந்த செமஸ்டர் முடிவதற்குள் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுங்கள். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே ஏற ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருப்பார்கள். முதல் பத்து வளைவு வரைக்கும் எண்ணிக்கொண்டே போவீர்கள், அப்புறம் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஹேண்டிலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வீர்கள்.

போன மாதம் எங்கள் காலேஜ் ஃபார்முலா டீமில் ஐந்து பேர் போனோம். 200 சிசி வண்டியில் இரண்டு பேர், முதுகில் இரண்டு பெரிய பை. அவர்களுக்கு முன்னால் மலைவாசி அண்ணன் ஒருவர் பழைய 100 சிசி வண்டியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். நேர் ரோடு வந்தால் நம்ம பசங்க முறுக்கி அவரைப் பிடித்துவிடுவார்கள். அடுத்த வளைவு வந்ததும் அவர் காணாமல் போய்விடுவார். பிரேக் பிடிக்கும்போது, திரும்பும்போது, மறுபடி வேகமெடுக்கும்போது என்று மூன்று இடத்திலும் அவர் வண்டிதான் ஜெயித்தது. 40ஆவது வளைவு வருவதற்குள் எங்களுக்குப் புரிந்துவிட்டது. பெரிய எஞ்சின் நேர் ரோட்டில் மட்டும்தான் உதவும். எடை குறைவாக இருந்தால் எல்லா இடத்திலும் உதவும்.

இந்த ஒரு விஷயத்தை வாழ்க்கை முழுக்க விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு எஞ்சினியரின் கதைதான் இது. அவர் பெயர் காலின் சாப்மன். லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பித்தவர். ஏன் இப்போது அவர் கதை? சொல்கிறேன், கடைசி வரை வாருங்கள்.

அரியரில் ஆரம்பம்

முதலில் உங்களுக்கு ஆறுதலான ஒரு செய்தி. சாப்மன் அரியர் வைத்தவர்!

1928 மே 19 அன்று லண்டன் அருகே ரிச்மண்டில் பிறந்தார். அப்பா ஹார்ன்சியில் ரயில்வே ஹோட்டல் என்ற மதுக்கடை விடுதியை நடத்திவந்தார். பையன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிங் சேர்ந்தான். கவனியுங்கள், மெக்கானிக்கல் இல்லை, ஆட்டோமொபைலும் இல்லை. பாலம், கட்டடம் பற்றிப் படிக்கிற படிப்பு. சிவில் பசங்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

படிக்கும்போதே நண்பனோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்றுக் காசு பார்த்தார். போர் முடிந்த நேரம், புதுக் கார் கிடைக்காது, பழைய காருக்கு நல்ல விலை. ஆனால் 1947 கடைசியில் அரசாங்கம் பொதுமக்களின் அடிப்படை பெட்ரோல் ரேஷனையே நிறுத்திவிட்டது. பெட்ரோல் இல்லாத காரை யார் வாங்குவார்? கையிலிருந்த வண்டிகளை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். யாருமே சீண்டாத ஒரு பழைய ஆஸ்டின் செவன் மட்டும் மிஞ்சியது.

அந்த விலைபோகாத காரைப் பிரித்துப்போட்டு, காதலி ஹேசல் வில்லியம்ஸ் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில் வைத்து, 1948இல் தன் முதல் போட்டிக் காரைக் கட்டினார். அதுதான் லோட்டஸ் மார்க் 1. இந்த மும்முரத்தில் கணக்குப் பேப்பர் போய்விட்டது. கூடப் படித்தவர்கள் டிகிரி வாங்கிக்கொண்டு போக, இவர் அடுத்த வருஷம், 1949இல், கணக்கை மறுபடி எழுதித்தான் தேறினார்.

பிறகு அலுமினியம் கம்பெனியில் வேலை. அந்த உலோகம் எவ்வளவு தாங்கும், எங்கே வளையும் என்பது அங்கே கையோடு பழகியது. 1952இல் ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடனோடு லோட்டஸ் எஞ்சினியரிங் ஆரம்பமானது. இடம்? அப்பா விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயம். 1954இல் இருவருக்கும் கல்யாணம்.

ஒரு பாகம், இரண்டு வேலை

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல். தாண்டிப் போய்விடாதீர்கள், நம் சிலபஸில் இருப்பதுதான்.

அந்தக் காலத்து ரேஸ் கார் என்றால் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு. அதன் மேல் தகரம் போர்த்தியிருப்பார்கள். குழாய் சுமை தாங்கும், தகரம் சும்மா காற்றை மட்டும் தாங்கும். விமானம் ஓட்டக் கற்றிருந்த சாப்மனுக்கு இது வீண் செலவாகத் தெரிந்தது. மேல்தோலே சுமை தாங்கினால் குழாய் எதற்கு? 1962இல் வந்த லோட்டஸ் 25 இப்படித்தான் பிறந்தது. முழுமையான மோனோகாக் உடலோடு வந்த முதல் ஃபார்முலா ஒன் கார் அது. எடை குறைந்தது, விறைப்பு கூடியது. அந்தக் காரில் ஜிம் கிளார்க் 1963இல் உலக சாம்பியன். 1965இல் மறுபடியும் சாம்பியன். அதே வருஷம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயமும் அவருக்கே.

1967இல் அடுத்த பாய்ச்சல். ஃபோர்டு பணத்தில் காஸ்வொர்த் செய்த டிஎஃப்வி எஞ்சின் வந்தது. எஞ்சினைத் தாங்க ஒரு பிரேம் எதற்கு, எஞ்சினே பிரேமாக இருக்கட்டும் என்று லோட்டஸ் 49ஐ வடிவமைத்தார்கள். பின்பக்க சஸ்பென்ஷன் நேராக எஞ்சின், கியர்பாக்ஸ் மேலேயே மாட்டப்பட்டது. முதல் போட்டியிலேயே, ஜூன் 4 அன்று நெதர்லாந்தில், கிளார்க் ஜெயித்தார். இன்றைக்கு நீங்கள் டிவியில் பார்க்கும் ஃபார்முலா ஒன் காரைப் பின்னாலிருந்து பிரித்தாலும் இதே அமைப்புதான்.

எடை குறைத்ததற்குக் கொடுத்த விலை

இதுவரைக்கும் கேட்டால் ஹீரோ கதை மாதிரி இருக்கும். இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பொய் சொன்ன மாதிரி.

ஒரு பாகத்தை எவ்வளவு மெலிதாக்கலாம்? ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதுகிறோமே, சாப்மன் அதன் ஓரத்தில் நின்று வேலை பார்த்தவர். 1969 ஸ்பெயின் போட்டியில் லோட்டஸ் கார்கள் இரண்டிலுமே உயரத்தில் மாட்டியிருந்த இறக்கைகள் ஓடும்போதே முறிந்தன. கிரஹாம் ஹில், யோக்கன் ரின்ட் இருவரும் உயிர் பிழைத்ததே பெரிது. அதற்குப் பிறகு ரின்ட், பலவீனமான பாகங்களைக் கொஞ்சம் கூடுதல் எடை போட்டாவது பலப்படுத்தச் சொல்லி சாப்மனுக்குக் கடிதமே எழுதினார்.

1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்சா. பயிற்சி ஓட்டத்தில் ரின்ட்டின் லோட்டஸ் 72இல் முன்பக்க பிரேக் ஷாஃப்ட் உடைந்தது. கார் தடுப்பில் மோதியது. ரின்ட் இறந்துபோனார். அதுவரை அவர் எடுத்திருந்த புள்ளிகளை மிச்சமிருந்த போட்டிகளில் யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவர்.

அதற்கு முன்பே, 1968 ஏப்ரலில், ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் போய்விட்டார். சாப்மனுக்கு அவர் ஓட்டுநர் மட்டுமல்ல, நெருங்கிய தோழர். 1978இல் மோன்சாவில் ரோனி பீட்டர்சன். மூவரும் லோட்டஸ் காரில் போனவர்கள். எல்லா விபத்துக்கும் டிசைன் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நட்டு, ஒரு பிராக்கெட்டை மெலிதாக்கும்போது அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது மறக்கக் கூடாத கணக்கு.

ஒருமுறை விழுந்து எழுந்த கதை

1972இல் எமர்சன் ஃபிட்டிபால்டி சாம்பியன். 1973இல் டீம் பட்டம். அதோடு சரிவு. லோட்டஸ் 72க்கு மாற்றாகக் கொண்டுவந்த லோட்டஸ் 76 எடுபடவில்லை. பழைய காரையே இழுத்து இழுத்து ஓட்டினார்கள். 1975இல் ஒரு போட்டிகூட ஜெயிக்கவில்லை.

அப்போது சாப்மன் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ரேஸுக்கு அவசரமாக ஒட்டுப்போடவில்லை. பந்தயக் காரைப் பற்றித் தனக்குத் தெரியாத கேள்விகளைப் பல பக்கங்களுக்கு எழுதி, டோனி ரட் தலைமையில் ஒரு சின்ன குழுவிடம் கொடுத்தார். ரேஸ் டீமின் தொந்தரவு இல்லாமல் கெட்டரிங்ஹம் ஹால் என்ற பழைய மாளிகையில் அவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

காற்றுச் சுரங்கத்தில் மாடலை வைத்துச் சோதிக்கும்போது ஒருநாள் அளவுகள் ஒரே சீராக வரவில்லை. பார்த்தால், மாடலின் பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரையை நெருங்கிக்கொண்டிருந்தன. மாடல் கெட்டுவிட்டது என்று நாமாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்போம். பீட்டர் ரைட் என்ற எஞ்சினியர், இடைவெளி குறைய குறையக் காரைத் தரையோடு அழுத்தும் விசை எகிறுவதைக் கவனித்தார். பக்கவாட்டு இடைவெளியை அட்டையால் மூடியதும் விசை இன்னும் ஏறியது. காருக்கு அடியில் காற்று வேகமாகப் போகும், அழுத்தம் குறையும், கார் தரையோடு உறிஞ்சப்படும். பெர்னூலி, வெஞ்சுரி, எல்லாம் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம்தான். இதற்கு கிரவுண்ட் எஃபெக்ட் என்று பெயர்.

1977இல் லோட்டஸ் 78 ஐந்து போட்டிகளை ஜெயித்தது. 1978இல் லோட்டஸ் 79 வந்தது. அந்த வருஷம் டீம் எட்டு போட்டிகளை வென்றது. மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன். லோட்டஸுக்கு ஏழாவது டீம் பட்டம்.

அதுதான் கடைசிப் பட்டமும்.

1982இன் குளிர்காலம்

நான் சொல்ல வந்த இடம் இதுதான். கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

1979இல் மற்ற டீம்கள் அதே யோசனையை எடுத்து, லோட்டஸைவிட நன்றாகச் செய்தார்கள். சாப்மன் ஒரு படி மேலே போய்க் காரின் முழு நீளத்துக்கும் கிரவுண்ட் எஃபெக்ட் கொடுக்க லோட்டஸ் 80 செய்தார். அது வேகத்தில் தவளை மாதிரி மேலும் கீழும் குதித்தது. மறுபடி பழைய காருக்கே போனார்கள். 1981இல் லோட்டஸ் 88. ஒரே காரில் இரண்டு சேஸி. வெளிக்கூடு காற்றின் விசையை நேராகச் சக்கரத்துக்குக் கடத்தும், உள்கூட்டில் ஓட்டுநர் மெத்தென்று உட்கார்ந்திருப்பார். அருமையான யோசனை. மற்ற டீம்கள் எதிர்த்தார்கள், காருக்குத் தடை விழுந்தது. அதே வருஷம் டீமின் முக்கிய ஸ்பான்சர் கம்பெனியின் முதலாளி சுவிட்சர்லாந்தில் கைதானார். 1979, 80, 81 என்று மூன்று சீசன், ஒரு வெற்றிகூட இல்லை.

1982 ஆகஸ்ட் 15. நமக்கு சுதந்திர தினம், ஆஸ்திரியாவில் போட்டி. லோட்டஸின் எலியோ டி ஏஞ்சலிஸ் முன்னால், வில்லியம்ஸின் கேகே ரோஸ்பெர்க் ஒட்டினாற்போல் பின்னால். கோட்டைத் தாண்டும்போது வித்தியாசம் 0.05 விநாடி. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஜெயித்தால் தலைத் தொப்பியைக் காற்றில் வீசி எறிவது சாப்மனின் பழக்கம். ஏறக்குறைய நான்கு வருஷத்துக்குப் பிறகு அன்று தொப்பி பறந்தது. அதற்குப் பிறகு அதை வீச அவருக்குச் சந்தர்ப்பம் வரவில்லை.

சீசன் முடிந்தது. 1983க்கான விதி வந்தது. கார்களின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். அதாவது கிரவுண்ட் எஃபெக்டுக்கு முற்றுப்புள்ளி. சாப்மன் உலகத்துக்குக் கொடுத்த ஆயுதத்தையே பறித்துவிட்டார்கள். எல்லா டீமும் புதுக் கார் கட்ட வேண்டும். மற்றவர்கள் டர்போ எஞ்சினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். லோட்டஸுக்கு ரெனோ டர்போ கிடைக்கும் என்று ஒப்பந்தம் ஆகியிருந்தது, ஆனால் அடுத்த சீசன் தொடக்கத்தில் டி ஏஞ்சலிஸ் காருக்கு மட்டும்தான். நைஜல் மான்செல் பழைய காஸ்வொர்த்தோடு காலம் தள்ள வேண்டும். டயர் கம்பெனியும் மாறியது. ஊர்தி விற்பனைப் பக்கம் லோட்டஸ் கம்பெனியும் பணமில்லாமல் திணறியது.

போதாக்குறைக்கு டிலோரியன் விவகாரம். பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் வட அயர்லாந்தில் கார் தொழிற்சாலை வைத்தவர் ஜான் டிலோரியன். அந்தக் காருக்கான எஞ்சினியரிங் வேலை லோட்டஸுக்கு வந்தது. தொழிற்சாலை 1982இல் திவாலானது. லோட்டஸுக்கென்று கொடுத்த பணத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வழியாக எங்கோ போய்விட்டது தெரியவந்தது. பல வருஷம் கழித்து, 1992இல், லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் சிறைக்குப் போனார். சாப்மன் உயிரோடு கூண்டில் நின்றிருந்தால் குறைந்தது பத்து வருஷம் கிடைத்திருக்கும் என்று நீதிபதி தெரிவித்தார். ஆமாம், அதே மனிதர்தான்.

இத்தனைக்கும் நடுவில் சாப்மன் என்ன செய்துகொண்டிருந்தார்? அடுத்த யோசனையில் இருந்தார். ஸ்பிரிங்கும் டாம்பரும் செய்கிற வேலையை கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் என்ன? சென்சார் ரோட்டைப் படிக்கும், ஹைட்ராலிக் ஜாக் சக்கரத்தை ஏற்றி இறக்கும், கார் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆக்டிவ் சஸ்பென்ஷன். 1982இல், இப்போதைய கால்குலேட்டருக்குச் சமமான கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு!

டிசம்பர் நடுவில் பாரிசில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பினார். 16ஆம் தேதி அதிகாலை மாரடைப்பு. வயது 54. அன்றைக்குத்தான் ஸ்னெட்டர்டன் டிராக்கில் ஆக்டிவ் சஸ்பென்ஷன் பொருத்திய ஃபார்முலா ஒன் கார் முதல்முறையாகச் சோதனைக்கு இறங்க இருந்தது. முதலாளி இறந்த செய்தியோடு டீம் அந்தச் சோதனையைச் செய்தது.

அதற்குப் பிறகு

டீம் மேனேஜர் பீட்டர் வார் பொறுப்பேற்றார். 1983 மோசமான சீசன். இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து 12 புள்ளிதான். சீசன் பாதியில் வந்த ஜெரார்டு டுகரூஜ் என்ற பிரெஞ்சு டிசைனர் சில வாரங்களிலேயே புதுக் காரைக் கட்டினார். அதில் மான்செல் பிரிட்டிஷ் போட்டியில் நான்காவதாக வந்தார். 1985இல் ஐர்டன் சென்னா என்ற இளைஞர் சேர்ந்தார், போர்ச்சுகலில் மழையில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். 1987இல் மொனாக்கோவிலும் டெட்ராய்டிலும் சென்னா ஜெயித்த கார் ஆக்டிவ் சஸ்பென்ஷன் கார். சாப்மன் பார்க்காமல் போன அந்தச் சோதனை, நாலரை வருஷம் கழித்து ஜெயித்தது.

டெட்ராய்ட்தான் டீம் லோட்டஸின் கடைசி வெற்றி, 79ஆவது. 1994 சீசனோடு டீம் மூடப்பட்டது. பிறகு வேறு ஆட்கள் அந்தப் பெயரை வாங்கி ஓட்டினார்கள். அப்படி வந்த டீமில் 2011 ஜெர்மன் போட்டியில் நம்ம சென்னை கருண் சந்தோக் ஓட்டினார். சாப்மன் ஆரம்பித்த பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒரு தமிழ்நாட்டுக்காரர்!

இப்போது நம்ம கதை

ஏன் சாப்மன் என்று கேட்டீர்களே. எங்கள் டீம் இப்போது 1982 லோட்டஸ் நிலைமையில்தான் இருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் சீனியர்கள் நல்ல இடம் பிடித்தார்கள். போன ஜனவரியில் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கு லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போனோம். பிரேக் டெஸ்டில் நாலு சக்கரமும் லாக் ஆக வேண்டும், எங்களுக்கு மூன்றுதான் ஆனது. மற்றவர்கள் ஓட்டுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதனும் கோவைக்காரர்தான். மாருதி 800 எஞ்சினை வைத்து நம்ம ஊரிலேயே ஃபார்முலா கார் கட்டி, பலரை ஓட்ட வைத்தவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். அங்கே வேலியில் சாய்ந்து நிற்கும்போது அவர் பெயர்ப் பலகையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இந்த வருஷம் ஸ்பான்சர் குறைவு, பாதிப் பேர் பிளேஸ்மென்ட் டிரெய்னிங்கில். டீமைக் கலைத்துவிடலாமா என்று பேசத்தான் கொல்லிமலை போனோம். ஆகாய கங்கை படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். சாப்மன் 1975இல் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். காரைப் பற்றி எங்களுக்கு எதெல்லாம் தெரியாது என்று ஒரு நோட்டில் எழுதினோம். ஏழு பக்கம் வந்தது. முதல் கேள்வி, அந்த நாலாவது சக்கரம் ஏன் லாக் ஆகவில்லை.

இரண்டாவது விஷயத்தையும் எழுதிவைத்தோம். எடை குறைப்போம், ஆனால் பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் கை வைக்க மாட்டோம். ரின்ட் எழுதிய கடிதம் எங்களுக்கும் வந்ததாக வைத்துக்கொண்டோம்.

இறங்கும்போது பையையெல்லாம் மேலே வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு வண்டியில் ஆள் மட்டும் வந்தோம். 70 வளைவும் தெரியாமலே போய்விட்டது. ஒர்க்‌ஷாப் சாயங்காலம் நாலரைக்கு மேல் திறந்திருக்கும். சிவில், மெக், இ.சி.இ., யாராக இருந்தாலும் வாருங்கள். அரியர் இருந்தாலும் பரவாயில்லை. அதை மட்டும் அடுத்த அட்டெம்ப்ட்டில் முடித்துவிடுங்கள், அவர் முடித்த மாதிரி.